மேட்டில் நிற்கும் வண்டி

எங்கள் வீட்டுக் கைத்தடி வாங்கிய நாள் முதல் தரையைத் தொட்டதே இல்லை. கொடியில் எட்டாத இடத்தில் சிக்கிய துணியை எடுக்க, ஜன்னல் விளிம்பில் குடித்தனம் நடத்தும் புறாக்களை விரட்ட, கட்டிலுக்கடியில் போன செருப்பை இழுக்க என்று அதற்கு வேலைக்குக் குறைவில்லை. நடப்பதற்கு மட்டும் அதை யாரும் எடுப்பதில்லை. யாருக்காக வாங்கினோமோ அவர், அதாவது என் கணவரின் அக்கா, அல்சூரில் ஒரு தமிழ்ப் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "ஓடறதுக்கே நேரம் பத்தல" என்பார். என் கணவர் போன பிறகு, இரண்டு தெரு தள்ளியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு பெட்டி, ஒரு விசில், ஒரு ஜோடி வெள்ளைக் கான்வாஸ் ஷூவோடு என்னிடம் வந்தார். நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒரே கூரையின்கீழ் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்கள் என்று சொந்தக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஏமாந்து போனார்கள். காலையில் அவர் காபி போடுவார், நான் அதைக் குறை சொல்லுவேன், நாள் இனிதே தொடங்கிவிடும்.

போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பில் கம்பி வைத்தார்கள். எலும்பு நன்றாகவே சேர்ந்தது. "இனிமே மருந்து எதுவும் இல்ல. நடந்தாத்தான் சரியாகும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் அக்கா நடந்தார். சுவர், நாற்காலி, ஃபிரிட்ஜ், மேசை என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு, ஏதோ தூசி துடைக்க வந்தவர் மாதிரி. வெளியே நடக்கச் சுவர் கிடையாது. தடி வேண்டும்.

அங்கேதான் சிக்கல். எங்கள் தெருவில் கீரை விற்பவர் அக்காவிடம் படித்தவர். ஏ.டி.எம். வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலரும் அப்படியே. மேட்டுக்குக் கீழே இருக்கும் ஆட்டோ ஸ்டாண்டில் பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கி மைதானத்தைச் சுற்றி ஓடியவர்கள். ஐம்பது வயது மனிதர்கள் இன்றைக்கும் அவரைக் கண்டால் பீடியை மறைத்துக்கொண்டு வயிற்றை உள்ளே இழுக்கிறார்கள்.

"அவங்க முன்னாடி நான் தடிய ஊணிக்கிட்டு போவணுமா? 'ஐயோ பாவம் டீச்சர்'ன்னு சொல்லுவானுங்க. அதுக்கு நான் வெளியவே வரல" என்றார் அக்கா.

வரவும் இல்லை. தினமும் மாலையில் ஏரிப் பக்கத்துப் படிப்பகத்துக்குப் போய் எல்லாத் தமிழ்ப் பத்திரிகைகளையும் ஒரு வரி விடாமல் மேய்ந்துவிட்டு வருபவர், ஜன்னல் ஓரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். டி.வி. சீரியல் பார்க்க ஆரம்பித்தார். அதிலும் அழுகிற சீரியல். அதைப் பார்த்து அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை ஒரு நாள் சமையலறையிலிருந்து பார்த்தேன்.  இந்த மனுஷியை எப்படியாவது தெருவுக்கு இழுத்து வந்தாக வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்தேன். விட்டால் அப்படியே உட்கார்ந்தபடி கிழவியாகிவிடுவார், அதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

நான் மாநில அரசின் எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவள். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது என் உத்தியோகம். தட்டுக்கு அடியில் புளி உருண்டை ஒட்டியவர், எடைக்கல்லைக் குடைந்தவர், மின்தராசின் வயிற்றில் கை வைத்தவர் என்று எல்லாவிதமான சாமர்த்தியசாலிகளையும் பிடித்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் எதையும் இரண்டு தட்டில் வைத்துப் பார்க்காமல் என்னால் முடிவெடுக்க முடியாது. கத்தரிக்காய் வாங்கவே நான் எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பற்றி அக்காவுக்கு நிறையப் புகார் உண்டு.

முதலில் ஆட்டோவைத் தட்டில் வைத்தேன். கிட்டத்துச் சவாரி என்றதும் செயலியில் வந்த வண்டி காணாமல் போய்விடும். ஸ்டாண்டில் கூப்பிட்டால் பழைய மாணவர்கள் போட்டிபோட்டு வருவார்கள், அதுதான் அக்காவுக்கு ஆகாது. "ஆட்டோல போனா ஆஸ்பத்திரிக்குன்னு நெனைப்பாங்க." என் பழைய ஸ்கூட்டரை எப்போதோ விற்றுவிட்டேன். புதிது வாங்கினாலும் அந்த உயரத்துக்கு அக்காவால் ஏறி உட்கார முடியாது. கார் என்ற பேச்சே எடுக்க முடியாது, எங்கள் தெருவில் நிற்கிற கார்களே ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன.

அப்போதுதான் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு சிநேகிதியைப் பார்க்கப் போனபோது, அந்தச் சைக்கிளைப் பார்த்தேன். ஒருத்தி பின்னால் இரண்டு பிள்ளைகளையும் காய்கறிப் பையையும் வைத்துக்கொண்டு சத்தமே இல்லாமல் என்னைத் தாண்டிப் போனாள். பேட்டரியில் ஓடும், பின்பக்கம் ஒரு முழம் நீட்டி இழுத்த சைக்கிள். பின்சக்கரத்துக்கு மேலே நீளமான கேரியர், அதில் மெத்தை, சுற்றிலும் பிடித்துக்கொள்ளக் கம்பி, இரண்டு பக்கமும் கால் வைக்கப் பலகை. எல்லாவற்றையும்விட முக்கியம், இருக்கை தாழ்வாக இருந்தது. சமையலறை ஸ்டூல் உயரம்தான். பின்னால் ஓடிப் போய் அவளை நிறுத்தி எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். மூச்சு வாங்கியதில் பாதிதான் கேட்க முடிந்தது.

ஷோரூம் என்று சொன்னார்கள். ஒரு ஷட்டர் கடை. ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர்தான் விற்பனை, கணக்கு, ரிப்பேர் எல்லாம். அக்காவையும் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். "ரேஷன் அரிசி எடுத்துட்டு வர ஒரு வண்டி பாக்கப் போறேன், கொஞ்சம் வந்து சொல்லுங்க" என்று சொல்லித்தான் வாடகைக் காரில் ஏற்றினேன். தனக்காக என்று தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டார்.

அங்கே இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று வெளிநாட்டுச் சாமான்கள் போட்டது. விலையைக் கேட்டதும் நான் அதன் பக்கம் திரும்புவதை நிறுத்திவிட்டேன். இன்னொன்று நம்மூரிலேயே சேர்த்துப் பூட்டிய மலிவு வண்டி. பெயின்ட் கொஞ்சம் முன்னேபின்னே இருந்தது. ஹாரன் பூனைக்குட்டி தும்மின மாதிரி இருந்தது. மட்கார்டு, மழைக்காலமே இல்லாத ஊரில் தயாரித்த மாதிரி குட்டையாக இருந்தது. ஆனால் இருக்கை அதே உயரம். பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். பேட்டரியைத் தனியே கழற்றி வீட்டுக்குள் எடுத்துப் போய் சார்ஜ் போடலாம்.

"பின்னாடி யாராச்சும் ஒக்காருவாங்களா மேடம்? அவங்க வெயிட் எவ்ளோ இருக்கும்?" என்று கேட்டார் அந்த இளைஞர். நான் அக்காவைப் பார்த்தேன்.

"என்ன ஏன் பாக்குற? அரிசிதான வைக்கப்போற?" என்றார் அக்கா. பிறகு, மாட்டிக்கொண்டது புரிந்து, தலையை நிமிர்த்தி, "அம்பத்தெட்டு" என்றார்.

பொருளைக் கண்ணால் பார்த்தே எடை சொல்லுவதில் எனக்குத் துறையில் பெயர் உண்டு. அந்த ஐம்பத்தெட்டு அக்கா ஓய்வு பெற்ற சமயத்து எடை. அதற்குப் பிறகு எத்தனை தீபாவளி. படுக்கையில் இருந்த மாதங்கள் வேறு. இளைஞர் பக்கத்தில்தான் ஒரு தராசும் இருந்தது, பார்சல் நிறுக்கும் தராசு, நல்ல தராசு. எத்தனையோ கடைக்காரர்களை "நிறுத்துக் காட்டுங்க" என்று மிரட்டிய நான், கணவரின் அக்காவைப் பார்த்து அதன்மேல் ஏறுங்கள் என்று சொல்வேனா? சொல்லவில்லை. இளைஞர் திருப்தியாகத் தலையாட்டினார். "அப்ப தாராளமா இழுக்கும் மேடம்." மலிவு வண்டியை வாங்கினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அதன் சீர்கேடுகள் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தன. கேட்டில் உள்ள சின்னப் படியைத் தாண்டி இறக்குவதற்குள் தோள் கழன்றுவிடும், அவ்வளவு கனம். ஸ்டாண்டைப் போட்டால் வெயிலில் இளகின தாரில் புதைந்துகொள்ளும். சார்ஜ் காட்டும் திரை ஒரு பெரிய பொய்யன். முழுசாக இருக்கிறது, முழுசாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் திடீரென்று கைவிரித்துவிடும். குட்டிப் பலாப்பழம் கனத்தில் இருந்த பேட்டரிக்கு ஹாலில் ஓர் இடம் ஒதுக்கி, மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கித்தான் சார்ஜ் போட வேண்டும். சட்னியா, சவாரியா என்று தினமும் யோசிக்க வேண்டியிருந்தது.

ஆனால் அக்கா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கேரியரின் கம்பியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். "கம்பி நல்லா உறுதியாத்தான் இருக்கு" என்றார். மெத்தையில் ஒரு தட்டு தட்டினார்.  மறுநாள் மாலை நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது, புடவையும் வெள்ளைக் கான்வாஸ் ஷூவும் தொப்பியுமாக, கழுத்தில் விசிலோடு வந்து நின்றார்.

"ஒன் ஹாரனுக்கு எவனும் வழி வுடமாட்டான். நான் ஊதறேன், நீ ஓட்டு" என்றார்.

எங்கள் வீட்டிலிருந்து ஏரிவரைக்கும் இறக்கம். அக்கா ஒருபக்கமாக உட்கார்ந்து, பலகையில் கால் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டார். வண்டி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. தெரு நாய்கள் குரைக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்குள் நாங்கள் தாண்டிவிட்டோம். முனையில் அக்கா விசிலை ஒரு ஊது ஊதினார் பாருங்கள், சிக்னலில் நின்ற போக்குவரத்துக் காவலரே தன் விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வண்டியில் நம்பர் பிளேட்டைத் தேடினார், காணவில்லை. இது சைக்கிளா மோட்டாரா என்று அவர் தீர்மானிப்பதற்குள் பச்சை விழுந்துவிட்டது. ஆட்டோ ஸ்டாண்டில் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"டீச்சர்! சூப்பர் டீச்சர்!"

"வயித்தப் பாரு வயித்த" என்று அக்கா போகிற போக்கில் ஒருவருக்குச் சொன்னார். எனக்குப் பின்னால் அவர் சிரிப்பது கேட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கேட்கிறேன், கண்ணில் நீர் வந்து தெருவே மங்கலாகிவிட்டது. அந்த வண்டிக்குக் கொடுத்த காசு அந்த நிமிஷமே வசூலாகிவிட்டதாக எனக்குத் தோன்றியது.

ஆனால் இறங்கினவர் ஏறியாக வேண்டுமே. படிப்பகத்திலிருந்து திரும்பும்போது, சமதரை முடிந்து எங்கள் தெரு மேடு தொடங்கும் இடத்தில் வண்டி முனக ஆரம்பித்தது. நான் பெடலை மிதித்தேன். இன்னும் முனகியது. எங்கிருந்தோ கருகல் வாடை வேறு வந்தது. கொஞ்சம் மேலே இருக்கும் பஜ்ஜிக் கடை எண்ணெய் என்று நினைத்துக்கொண்டேன். மேட்டில் கொஞ்ச தூரம் ஏறியதும், சரியாக ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிரில், வண்டி நின்றேவிட்டது.

என் மனசுக்குள் அந்த ஐம்பத்தெட்டு ஓடியது. நிறுக்காமல் ஒத்துக்கொண்ட எடைக்கு இதுதான் தண்டனை என்று எண்ணிக்கொண்டேன். அதைச் சொல்ல முடியுமா? "அக்கா, வண்டி புதுசு, இன்னும் பழகல. கொஞ்சம் எறங்கறீங்களா?" என்றேன்.

அக்கா இறங்கினார். நடுத் தெரு. சுவர் இல்லை, நாற்காலி இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை. எதிரே அவருடைய மாணவர்கள். அவருடைய கை கேரியரின் கம்பியைவிட்டு நகரவில்லை. ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். 

ஆட்டோவிலிருந்து ஒருவர் குதித்து ஓடிவந்தார். "டீச்சர், வுடுங்க டீச்சர், நான் தள்றேன்."

"ஒண்ணும் வாணாம். ஒன் சவாரியப் பாரு. வண்டி நின்னுடுச்சு, தள்ளிக்கிட்டுப் போறோம், அவ்ளோதான்" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, மைதானக் குரலில், "என்ன நிக்கற? நட!" என்றார்.

அந்த வண்டியில் ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்திப் பிடித்தால் நம் நடை வேகத்தில் வண்டி தானே மெல்ல உருளும். அதைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். பார்க்கிறவர்களுக்கு டீச்சர் வண்டியைத் தள்ளுகிறார். ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த எனக்கல்லவா தெரியும் விஷயம்! வண்டி பின்னால் அப்படி இழுத்தது. தன் கனத்தில் பாதியை அக்கா அதன்மேல் போட்டிருந்தார். மேட்டு உச்சியில் வீட்டு வாசலை அடைந்தபோது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அவர் படியில் உட்கார்ந்து, ஷூ லேஸைக் கழற்றிக்கொண்டே, "சுத்த ஓட்ட வண்டி" என்றார். அவர் முகம் சிவந்து, வேர்த்து, பார்க்க அழகாக இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் அதே கதைதான். இறக்கத்தில் ராணி மாதிரி போவார். மேட்டில் வண்டி நிற்கும். அக்கா இறங்கி, வண்டிக்காரனை, கம்பெனியை, இந்த ஊர் மேடு பள்ளத்தை எல்லாம் வரிசையாகத் திட்டிக்கொண்டே கம்பியைப் பிடித்து நடந்து வருவார். கீரைக்காரர் "என்னா டீச்சர், இன்னிக்கும் மக்கர் பண்ணுதா?" என்று கேட்டால், "பண்ணாம? இவ பாத்துப் பாத்து வாங்கினதாச்சே" என்பார். ஊரே என் வண்டியைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. அக்காவைப் பார்த்து யாரும் பரிதாபப்படவில்லை. எனக்கு அதுபோதும்.

எனக்குள் இருந்த ஆய்வாளர் மட்டும் ஓயவில்லை. என் இரண்டு கைகளையே தராசாக்கிக்கொண்டேன். முதல் வாரம் வண்டி பின்னால் இழுத்த இழுப்பு, போகப்போகக் குறைந்தது. முதலில் ஸ்டாண்டைத் தாண்டியதுமே வண்டியை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்வோம். பிறகு பஜ்ஜிக் கடை. பிறகு மாதா சிலை இருக்கும் முனை. கார்த்திகைக் குளிர் தொடங்கியபோது, பின்னால் ஆள் இருக்கிறாரா என்று நான் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. கம்பியின்மேல் கை இருந்தது, கனம் இல்லை.

இத்தனை நாளில் ஒரு தடவையாவது அந்த ஷட்டர் கடைக்குப் போன் செய்து, வண்டி மேட்டில் நிற்கிறது என்று சொல்லியிருக்க வேண்டாமா? எந்த மனிதரும் செய்திருப்பார். நான் செய்யவில்லை. சொன்னால் அந்த இளைஞர் முதலில் கேட்கப்போவது எடையைத்தான். நான் அக்கா காதுபட உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். அல்லது பொய் சொல்ல வேண்டும், எடை விஷயத்தில் எனக்குப் பொய் வராது. மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டேன். அக்காவும் வண்டியைத் தெருவெல்லாம் திட்டினாரே ஒழிய, திருப்பிக் கொடு என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அவருக்கும் அந்த ஐம்பத்தெட்டு உறுத்திக்கொண்டிருந்திருக்கும்.

இலவச சர்வீஸ் என்று இளைஞர் தானே ஒரு நாள் காலையில் வந்து நின்றார். அக்கா உள்ளே குளித்துக்கொண்டிருந்தார். போர்ட்டிகோவில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். சக்கரம் அரைச் சுற்றுகூடப் போகாமல் நின்றது.

"என்ன மேடம் இது? பிரேக் கட்ட டிஸ்க்கப் புடிச்சிக்கிட்டே இருக்குதே! ஃபிட்டிங்லயே இப்படித்தான் இருந்திருக்கும். மேடே ஏறியிருக்காதே. ஒரு போன் பண்ணக்கூடாதா?"

எனக்கு அந்தக் கருகல் வாடை நினைவுக்கு வந்தது. பாவம், பஜ்ஜிக் கடைக்காரர். பாவம், அக்கா. அவருடைய எடைமேல் நான் மனசுக்குள் போட்ட பழியெல்லாம் ஒரு பிரேக் கட்டையின் வேலை. இளைஞர் பெட்டியிலிருந்து திருகாணி திருப்பும் ஆறுபட்டைச் சாவி ஒன்றை எடுத்து, பிரேக்கில் ஒரு திருகு திருகினார். சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அது சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"இனிமே எந்த மேடா இருந்தாலும் ஒக்காந்துக்கிட்டே போலாம். பெரியம்மா எறங்கவே வாணாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் புறப்படும்போது, இன்னொரு தடவை இளகினால் நீங்களே இறுக்கிக்கொள்ளலாம் என்று அந்தச் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

நான் போர்ட்டிகோ படியில் உட்கார்ந்தேன். கையில் சாவி. இனி மேட்டில் வண்டி நிற்காது. அக்கா இறங்க மாட்டார். இறங்குவதற்கு அவருக்குச் சாக்கு வேண்டுமே! சும்மா ஒரு மனுஷி, கெட்டுப்போகாத வண்டியைப் பிடித்துக்கொண்டு மேடு ஏறினால், அது நடை பழகுவது என்று தெருவுக்கே தெரிந்துவிடும். அதற்கு அவர் தடியையே எடுத்திருப்பார். எத்தனையோ மாலைகள் நாங்கள் இருவருமாக இழுத்துக் கொண்டுவந்து சேர்த்ததெல்லாம் ஒரு திருகலில் போய்விட்டதே என்று எனக்கு அந்த நல்ல பிள்ளைமேல் கோபம் கோபமாக வந்தது.

ஒரே ஒரு திருகு. வலதுபக்கம். யாருக்குத் தெரியப்போகிறது? குனிந்து சாவியைத் திருகாணியில் பொருத்தியும்விட்டேன். அப்போது என் உத்தியோக காலமெல்லாம் கண்முன்னால் வந்தது. தட்டுக்கு அடியில் புளி ஒட்டின கையும் இந்தக் கையும் ஒன்றா? நல்ல காரணத்துக்காகத்தான் என்று அவர்களும்கூடச் சொன்னார்கள், பிள்ளைக்குப் பள்ளி ஃபீஸ் என்றார்கள். அத்தனை பேருக்கும் அபராதம் எழுதிவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு, சொந்த வீட்டு வாசலில், ஓர் இயந்திரத்தின் வயிற்றில் கை வைப்பதா? கொஞ்ச நேரம் குந்தியபடியே இருந்தேன். கால் மரத்துப் போனதுதான் மிச்சம். சாவியைக் கொண்டுபோய் ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

அன்று மாலை இறக்கத்தில் அக்கா வழக்கம்போல் விசில் ஊதிக்கொண்டு வந்தார். நான் வழக்கம்போல் இல்லை. படிப்பகத்தில் ஒரு பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று அக்காதான் சொன்னார். திரும்பும்போது அவர் எப்போதும்போல் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

மேடு தொடங்கியது. வண்டி முனகவில்லை. முணுமுணுப்புக்கூட இல்லை. நான் சும்மா கால் வைத்திருந்தேன், அது பாட்டுக்கு ஏறியது. ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோரும் வழக்கமான வேடிக்கைக்காகத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நிற்காமல் அவர்களை நெருங்குவதைப் பார்த்து ஒருவர், "ஏய், வண்டி ஏறுதுடா!" என்று கத்தினார். இன்னொருவர் கை தட்டினார். எனக்கு அழலாம் போலிருந்தது.

பின்னாலிருந்து விசில் கேட்டது. நீளமான ஒற்றை விசில். அல்சூரில் வளர்ந்த யாருக்கும் அதன் அர்த்தம் தெரியும், எல்லோரும் நில் என்று. என் கை தானாகவே பிரேக்கைப் பிடித்தது.

"என்னக்கா?"

"எறங்கணும்."

"ஏறுதேக்கா. சர்வீஸ் பண்ணிட்டாங்க."

"தெரியும். அது ஏறட்டும். நான் எறங்கறேன்."

தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா பலகையிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்தார், புடவைக் கொசுவத்தைச் சரிசெய்தார், கம்பியைப் பிடித்தார். ஓடிவந்த ஆட்டோக்காரர் குழம்பிப் போய், "வண்டிதான் நல்லா இருக்குதே, ஏன் டீச்சர் எறங்கிட்டீங்க?" என்று கேட்டார்.

"நடக்கச் சொல்லியிருக்காரு டாக்டர். இடுப்புல கம்பி வச்சிருக்கு. புடிச்சிக்கிட்டுத்தான் நடக்க முடியும்" என்றார் அக்கா, எல்லோருக்கும் கேட்கும்படியாக, வருகைப் பதிவு எடுக்கிற குரலில். யாரும் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. ஆட்டோக்காரர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, "சரி டீச்சர்" என்றார்.

நான் பட்டனை அழுத்தினேன். நடந்தோம். பஜ்ஜிக் கடையைத் தாண்டினோம். அங்கே கருகல் வாடையே இல்லை.

"காலையில குளிக்கறப்பவே அந்தப் பையன் சொன்னதெல்லாம் கேட்டுச்சு. வெளிய வரச்ச ஜன்னல் வழியாப் பாத்தேன்" என்றார் அக்கா பின்னாலிருந்து. "பிரேக்குகிட்ட குந்திக்கிட்டு என்னமோ நோண்டிட்டு இருந்த. இறுக்கிட்டியா?"

"இல்லக்கா. வச்சுட்டேன்."

"நல்ல வேல பண்ண. பாவம், வாயில்லா மெஷின், அத ஏன் கெடுக்கற?" கொஞ்சதூரம் நடந்த பிறகு, "எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா நான் எறங்க மாட்டேனா?" என்றார்.

எத்தனை தடவை சொல்லியிருப்பேன், டாக்டர் எத்தனை தடவை சொல்லியிருப்பார், கைத்தடியைக் கேட்டால் அதுவும் சொல்லும்.  ஹேண்டில்பாரில் கனமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். அக்கா கம்பியை இரண்டு விரலால் மட்டும் தொட்டுக்கொண்டு, என்னைவிட நிமிர்ந்து நடந்து வந்துகொண்டிருந்தார்.

"முன்னாடி பாத்து நட" என்றார்.